பழைய சுரங்கம் கடலுக்குள் கசிகிறதா? நீங்களே பார்த்துக் கண்டுபிடிப்பது எப்படி

மூடிப் பல வருஷம் ஆன சுரங்கம், அதற்குக் கீழே ஒரு ஓடை, ஓடை போய்ச் சேரும் இடத்தில் கடல். இப்படி ஒரு ஊரில் நீங்கள் குடியிருக்கலாம், படிப்புக்காகப் போயிருக்கலாம், இல்லை வீடு வாங்க நினைக்கலாம். "அதெல்லாம் எப்பவோ மூடியாச்சு, இப்ப ஒன்றும் இல்லை" என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். அது உண்மையா என்று சாதாரண ஆள் எவ்வளவு தூரம் சோதித்துப் பார்க்க முடியும் என்பதற்குத்தான் இந்தக் குறிப்பு. நிறையவே முடியும், ஆனால் எதைப் பார்க்க வேண்டும், எப்போது போக வேண்டும் என்பதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள்.

உதாரணத்துக்கு அதிகமாக எடுத்துக்கொள்ளப் போவது கனடாவின் பிரிட்டானியா பீச். வான்கூவருக்கு வடக்கே சுமார் 50 கிலோமீட்டரில், ஹவ் சவுண்ட் என்ற கடல் நீள்குடாவின் கரையில் இருக்கிறது. 1904-இல் தொடங்கிய செம்புச் சுரங்கம், ஒரு காலத்தில் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்திலேயே அதிகச் செம்பு எடுத்த இடம், 1974-இல் மூடினார்கள். மூடிய பிறகும் முப்பது வருஷம் செம்பும் துத்தநாகமும் ஓடை வழியாகக் கடலுக்குள் போய்க்கொண்டே இருந்தன. சுத்திகரிப்பு ஆலை வந்தது 2005-இல்தான்.

மூடிய பிறகும் ஏன் ஓடுகிறது?

மலைக்குள் இருக்கும்வரை பைரைட் என்ற, இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் சும்மாதான் கிடக்கும். தோண்டிக் காற்றும் தண்ணீரும் பட வைத்தால் கந்தக அமிலம் உண்டாகும், சில பாக்டீரியாக்கள் கூடச் சேர்ந்து அதைப் பல மடங்கு வேகப்படுத்தும். செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் கறுப்பு கரைந்து வருகிறதே, மலைக்குள்ளேயும் கிட்டத்தட்ட அதுதான் நடக்கிறது, தேய்க்க ஆள் வேண்டாம், மழை போதும். அந்த அமிலம் போகிற வழியில் செம்பு, துத்தநாகம், காட்மியம் எல்லாவற்றையும் கரைத்து எடுத்துக்கொண்டு போகும். வேலை நடந்த காலத்தில் பம்ப் வைத்துத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்திருப்பார்கள், மூடியதும் பம்பை நிறுத்திவிடுவார்கள், தண்ணீர் ஏறி எந்தப் பழைய குகை வாய் திறந்திருக்கிறதோ அதன் வழியாக வெளியே வரும். ஆகவே மூடிய தேதியைக் கேட்டு நிம்மதி அடையாதீர்கள். சில சுரங்கங்களில் பிரச்சினை ஆரம்பமாவதே அந்தத் தேதியில்தான்.

இங்கிலாந்தின் கார்ன்வாலில் வீல் ஜேன் தகரச் சுரங்கம் 1991-இல் மூடப்பட்டது, பம்ப் நின்றது. 1992 ஜனவரியில் ஒரு பழைய குகையின் அடைப்பு உடைந்து சுமார் 5 கோடி லிட்டர் அமிலத் தண்ணீர் கார்னன் ஆற்றில் இறங்கியது. ஃபால் கழிமுகம் பூராவும் ஆரஞ்சு நிறம். மூடி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

போவதற்கு முன்னால், வீட்டிலிருந்தே

பழைய சுரங்க வரைபடம் கிடைக்குமா பாருங்கள். சுரங்கத் துறை, நூலகம், ஊர் அருங்காட்சியகம், அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் என்று எங்கேயாவது இருக்கும். அதில் தேட வேண்டியது தாது எங்கே இருந்தது என்பது அல்ல, தண்ணீர் வெளியேற எத்தனை வாய்கள் இருக்கின்றன, எது கடைசி மட்டத்தில் இருக்கிறது, எதை அடைத்திருக்கிறார்கள், எதை வைத்து அடைத்தார்கள் என்பதுதான். பிரிட்டானியாவில் மலைக்குள் 200 கிலோமீட்டருக்கு மேல் சுரங்கப்பாதை உண்டு. தண்ணீர் இரண்டு வழியாக வந்துகொண்டிருந்தது, மேல் வழியை 2001-இல் அடைத்து எல்லாவற்றையும் கீழ் வழிக்குத் திருப்பினார்கள், அப்புறம்தான் ஒரே இடத்தில் பிடித்துச் சுத்தம் செய்ய முடிந்தது.

அடைப்பு என்றாலே சந்தேகப்படுங்கள். பிலிப்பைன்ஸின் மரின்டுக்கே தீவில் மார்காப்பர் சுரங்கம், வேலை முடிந்த டாபியான் குழியைக் கழிவுச் சேறு கொட்டி வைக்கும் தொட்டியாகப் பயன்படுத்தியது. குழியின் அடியில் ஒரு பழைய வடிகால் குகை, அதை கான்கிரீட்டால் அடைத்திருந்தார்கள். 1996 மார்ச் 24 அன்று அந்த அடைப்பு உடைந்துவிட்டது. சுமார் 16 லட்சம் கனமீட்டர் சேறு போவாக் ஆற்றை நிரப்பிக்கொண்டு கடல்வரை போனது. அதே சுரங்கம் அதற்கு முன்னால் 1975 முதல் 1991 வரை கலங்கான் விரிகுடாவில் நேராகவே சுமார் 20 கோடி டன் கழிவைக் கொட்டியிருந்தது என்பது தனிக் கதை.

அடுத்தது கூகுள் எர்த். அதில் பழைய படங்களுக்குப் போகிற வசதி இருக்கிறது, கரைக்கோட்டை வருஷ வருஷமாகப் பின்னால் தள்ளிப் பாருங்கள். ஸ்பெயினின் போர்ட்மான் விரிகுடா நல்ல உதாரணம். 1957 முதல் 1990 வரை குழாய் வைத்து சுமார் 5.7 கோடி டன் கழிவைக் கடலில் விட்டார்கள், கரை அரை கிலோமீட்டருக்கு மேல் கடலுக்குள் நகர்ந்துவிட்டது. பழைய படகுத்துறை இப்போது தரையில் நிற்கிறது. அங்கே நீங்கள் மணல் என்று மிதிப்பது அரைத்த தாதுக்கழிவுதான். கரை திடீரென்று கடலுக்குள் வளர்ந்திருந்தால், ஆறு பெரிதாக இல்லாமலேயே வளர்ந்திருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

கரையில் இறங்கியதும் என்ன பார்க்க வேண்டும்

எல்லோரும் ஆரஞ்சு நிறத்தைத் தேடுவார்கள். ஆரஞ்சு என்பது இரும்பு துருவாகப் படிவது, அது இருந்தால் அமிலத் தண்ணீர் வந்திருக்கிறது அல்லது வந்துகொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம் (சதுப்பு நிலங்களில் இயற்கையாகவும் இரும்புத்துரு வரும், அதனால் அது மட்டும் போதாது). வெள்ளையாகப் பஞ்சு மாதிரிப் படிந்திருந்தால் பெரும்பாலும் அலுமினியம், பச்சை கலந்த நீலம் என்றால் செம்பு. இதை எல்லாம்விட எனக்குப் பயமாக இருப்பது ஒன்றும் படியாமல் கண்ணாடி மாதிரித் தெளிவாக ஓடும் தண்ணீர். தெளிவாக இருக்கிறதென்றால் சுத்தமாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை, அமிலம் அதிகமாக இருப்பதால் எதுவும் படியாமல் கரைந்தே இருக்கலாம், பாசிகூட வளராததால் கல் பளிச்சென்று இருக்கலாம். குனிந்து ஒரு கல்லைப் புரட்டுங்கள். ஓடைக் கல்லின் அடியில் புழு, பூச்சி, வழுவழுப்பு ஏதாவது இருக்க வேண்டும். வெறும் கல்லாக இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

கடல் பாறைக்கு வாருங்கள். இங்கேதான் உண்மையான சாட்சி உட்கார்ந்திருக்கிறது, ஏனென்றால் பாறையில் ஒட்டி வாழும் கொட்டலசும் மட்டியும் பாசியும் ஓடிப்போக முடியாது, வருஷம் பூராவும் வந்த தண்ணீருக்கு அவைதான் கணக்குப்புத்தகம். ஓடை கடலில் சேரும் இடத்தில் நின்று கரையோரமாக ஒரு பக்கம் நடக்க ஆரம்பியுங்கள். ஐம்பது அடிக்கு ஒருமுறை நின்று, நீர் ஏறி வற்றும் மட்டத்தில் இருக்கும் பாறையைப் படம் எடுங்கள். பிரிட்டானியா ஓடையின் வாய்க்குப் பக்கத்தில், அந்தக் கடலோரம் எங்கும் செழித்து வளரும் தடித்த பழுப்புப் பாசி இல்லாமல் போயிருந்தது, மயிர் மாதிரியான பச்சைப் பாசி மட்டும் பிடித்திருந்தது, தூரம் போகப் போகத்தான் பழுப்பு திரும்ப வந்தது. இந்த "எங்கே திரும்ப வருகிறது" என்ற தூரம்தான் உங்களுக்கு வேண்டிய முதல் அளவு. ஒரு ரூபாய் செலவில்லை.

ஒரு எச்சரிக்கை: எந்த ஓடை வாயிலும் நல்ல தண்ணீர் கலப்பதால் கொஞ்சம் உயிர்கள் மாறத்தான் செய்யும். அதனால் சுரங்கமே இல்லாத, அதே அளவு ஓடை ஒன்று பக்கத்தில் இருந்தால் அதன் வாயையும் இதே மாதிரி நடந்து பார்த்துவிடுங்கள். இந்த ஒப்பீடு இல்லாமல் எடுத்த படங்களை யாரிடம் காட்டினாலும் இரண்டு நிமிஷத்தில் தள்ளிவிடுவார்கள்.

நம்மவர்களுக்கு இன்னொன்று. கறுப்பு மணல் கண்டால் கழிவு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிப் பக்கம் போயிருப்பவர்களுக்குத் தெரியும், அங்கே கரையிலேயே இல்மனைட் என்ற கறுப்புக் கனிமமும் சிவப்பாகக் கார்னெட்டும் இயற்கையாக ஒதுங்கிக் கிடக்கும், அலையே சலித்துப் பிரித்து வைத்தது. (அந்த மணலில் மோனசைட் என்ற கதிரியக்கக் கனிமம் இருப்பதால் இயற்கைக் கதிர்வீச்சு பற்றிய விவாதம் உண்டு, அது வேறு விஷயம்.) சுரங்கக் கழிவு பெரும்பாலும் வேறு மாதிரி இருக்கும்: கையில் எடுத்தால் மணல் போல உருளாது, மாவு போல விரலிடுக்கில் ஒட்டும், காய்ந்த இடத்தில் மஞ்சள் அல்லது வெள்ளை உப்பு பூத்திருக்கும், தோண்டினால் பட்டை பட்டையாக அடுக்கு தெரியும். கையுறை போட்டுக்கொண்டு எடுங்கள்.

குகைக்குள் தலையை விடாதீர்கள். காற்றில் ஆக்ஸிஜன் குறைந்திருந்தால் மூக்குக்குத் தெரியாது, கால் மடங்கும்போதுதான் தெரியும். கழிவுச் சேற்றுக் குளத்தின் மேலே காய்ந்த ஓடு நடக்கலாம் போலத் தெரியும், அடியில் களிக்கூழ். குழந்தைகளைக் கூட்டிப் போகாதீர்கள். நாயையும்தான், அது வந்து நக்கும்.

தண்ணீர் எடுப்பது: எப்போது, எங்கே

சும்மா ஒரு வெயில் நாளில் போய் ஒரு பாட்டில் மொண்டு வந்தால் நல்ல முடிவுதான் வரும், அது யாருக்கும் உபயோகம் இல்லை. வறண்ட காலத்தில் கழிவு மேட்டில் உப்பாகப் பூத்திருப்பது முதல் மழையில் மொத்தமாகக் கரைந்து இறங்கும். அந்த முதல் மழை, அப்புறம் பெருமழை, அப்புறம் ஒரு வறண்ட நாள் என்று மூன்று தடவையாவது எடுங்கள். குளிர் நாடுகளில் பனி உருகும் காலமும் முக்கியம். கடலோரத்தில் நீர் வற்றி முடியும் நேரத்தில் எடுங்கள், ஏற்றத்தில் எடுத்தால் கடல்தண்ணீரைத்தான் சோதிப்பீர்கள்.

ஆழமும் முக்கியம். ஓடைத் தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசு, அதனால் கலக்காமல் மேலே ஒரு போர்வை மாதிரிப் பரவும். பிரிட்டானியாவில் சிக்கலே இதுதான்: ஆழத்தில் தண்ணீர் சரியாக இருக்கும், மேலே இரண்டொரு மீட்டரில் விஷம், அந்த மேல் மீட்டரில்தான் ஆற்றிலிருந்து கடலுக்குப் போகும் சால்மன் குஞ்சுகள் கரையை ஒட்டி நீந்தும். ஓடை வாயருகே கூண்டில் விட்ட குஞ்சுகள் இரண்டு நாளுக்குள் எல்லாம் செத்துப்போயின. ஆகவே மேல்மட்டத்தில் ஒன்று, கொஞ்சம் ஆழத்தில் ஒன்று.

பாட்டில் எண்ணிக்கை அதிகம் வேண்டாம், இடம் சரியாக இருக்கட்டும். சுரங்கத்துக்கு மேலே ஓடையில் ஒன்று, சுரங்கத் தண்ணீர் சேர்ந்த பிறகு ஒன்று, ஓடை வாயில் மேல்மட்டம், ஆழம், ஒப்பீட்டு ஓடையின் வாயில் ஒன்று, காலிப் பாட்டிலில் லேப் கொடுத்த சுத்த நீரை அங்கேயே ஊற்றி மூடிய ஒன்று. கடைசி பாட்டில் எதற்கு என்றால், உங்கள் கையிலிருந்தே அழுக்கு சேர்ந்ததா என்று பிடிக்கத்தான். நம்ப மாட்டீர்கள், சன்ஸ்க்ரீனில் துத்தநாகம் இருக்கும், முகத்தில் தடவிய கையால் மூடியைத் திறந்தால் முடிவில் துத்தநாகம் வரும். கால்வனைஸ் பண்ணின இரும்பு வாளியில் மொண்டாலும் அதேதான், அந்தப் பூச்சே துத்தநாகம். படகுக்குப் பக்கத்தில் எடுக்கவே எடுக்காதீர்கள், பாசி பிடிக்காமல் இருக்கப் படகின் அடியில் பூசும் பெயிண்டில் செம்பு இருக்கும், அப்புறம் சுரங்கத்தின் மேல் பழி போட்டு நீங்கள்தான் அசிங்கப்படுவீர்கள்.

கையில் அமிலம் பார்க்கும் பிஹெச் பேப்பர் ஒரு கட்டும், தண்ணீரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் பேனா ஒன்றும் போதும். ஓடையில் மேலே 60 காட்டிக் கீழே 600 காட்டினால் இடையில் ஏதோ சேர்கிறது. பிஹெச் 3, 4 என்று வந்தால் அது புளிக்கரைசல் புளிப்பு, ருசித்துப் பார்த்துவிடாதீர்கள். கடல் நீரில் டிடிஎஸ் பேனா பயன்படாது, உப்பே அதை மூழ்கடித்துவிடும், அங்கே உப்பளவு பார்க்கும் கருவி வேண்டும். ஒவ்வொரு பாட்டிலோடும் உப்பளவை எழுதி வையுங்கள், உலோகம் குறைந்தது கலப்பதாலா அல்லது அடியில் படிவதாலா என்று அதை வைத்துத்தான் பிற்பாடு பிரிக்க முடியும்.

லேப் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது

என்னை ஒருமுறை நன்றாக ஏமாற்றியது இதுதான். கழிமுகத்திலிருந்து எடுத்த ஆறு பாட்டிலைக் கொடுத்தேன், செம்பு எல்லாவற்றிலும் "0.05-க்குக் கீழ்" என்று வந்தது, நானும் சந்தோஷமாக மூடி வைத்துவிட்டேன். லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்றால் 50 மைக்ரோகிராம். கடல் உயிர்களுக்கு நீண்ட நாள் பாதுகாப்பு என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு வைத்திருக்கும் செம்பு அளவு 3.1 மைக்ரோகிராம். அதாவது அந்த லேபின் கருவி, ஆபத்தான அளவைப் போலப் பதினைந்து மடங்கு வந்தாலும் "ஒன்றும் இல்லை" என்றுதான் சொல்லும். தப்பு லேபின் மேல் இல்லை, அது குடிநீர் பார்க்கிற லேப், நான் கேட்கவில்லை.

குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் செம்பு வரம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராம், அதாவது 2000 மைக்ரோகிராம். நாம் குடித்தால் ஒன்றும் ஆகாத தண்ணீரில் மட்டிக் குஞ்சு செத்துப்போகும். அதனால் யாராவது "குடிநீர்த் தரத்துக்குள்தான் இருக்கிறது" என்று ஒரு பேப்பரை நீட்டினால், அது கடலைப் பற்றிப் பேசும் பேப்பரே இல்லை. கொடுக்கும்போதே மூன்று கேள்வி கேளுங்கள்: குறைந்தபட்சம் எவ்வளவு வரை அளக்க முடியும், உப்புத் தண்ணீரில் அளந்து பழக்கம் உண்டா (உப்பு கருவியைக் குழப்பும்), வடிகட்டியதும் வடிகட்டாததும் தனித்தனியாகத் தருவீர்களா. உயிர்களை உடனே பாதிப்பது பெரும்பாலும் வடிகட்டிய தண்ணீரில் கரைந்திருப்பதுதான்.

சேற்றையும் ஒன்றிரண்டு கொடுங்கள். கடல் நீரின் பிஹெச் 8 சுமார், அமிலத் தண்ணீர் அதில் விழுந்ததும் உலோகத்தில் ஒரு பகுதி அடியில் படிந்துவிடும். தண்ணீர் சரியாகி இருபது வருஷம் ஆன பிறகும் சேறு பழைய கதையைச் சொல்லும்.

எல்லாச் சுரங்கமும் அமிலம் இல்லை

கோவாவில் இருப்பது பெரும்பாலும் இரும்பு ஆக்ஸைடு தாது, அமிலம் பெரிய பிரச்சினை இல்லை, மண்தான் பிரச்சினை. 2012-இல் சுரங்க வேலை நின்றது, 2018-இல் உச்ச நீதிமன்றம் 88 குத்தகைகளை ரத்து செய்தது, ஆனால் கழிவு மேடுகள் அங்கேயேதான் நிற்கின்றன. பருவமழையில் சிவப்புச் சேறு வயலுக்கும் ஓடைக்கும் இறங்கி மாண்டவி, சுவாரி ஆறுகளின் கழிமுகங்களை நோக்கிப் போகும். அங்கே பிஹெச் பேப்பரோடு போனால் ஏமாந்து வருவீர்கள். தண்ணீரை ஒரு கண்ணாடி ஜாடியில் எடுத்து ஒரு ராத்திரி வைத்து அடியில் எத்தனை விரல்கடை படிகிறது என்று பாருங்கள், மேட்டின் அடிவாரத்தில் தடுப்புச் சுவரும் படிவுக் குளமும் இருக்கிறதா, குளம் ஏற்கெனவே நிரம்பிவிட்டதா என்று பாருங்கள்.

சிலியின் சான்யாரலில் தூசிதான் முக்கியம். 1938 முதல் பல பத்தாண்டுகள் செம்புச் சுரங்கக் கழிவு 20 கோடி டன்னுக்கு மேல் அந்த விரிகுடாவில் சேர்ந்து, ஊருக்கு முன்னால் ஒரு புதுக் கடற்கரையே உண்டாகிவிட்டது. அட்டகாமா பாலைவனம், மழை மிக அரிது, அதனால் கரைந்து ஓடுவதைவிடக் காற்றில் பறப்பது அதிகம். 2003-இல் அதிபர் ரிக்கார்டோ லாகோஸ் அங்கே இறங்கிக் குளித்துக் காட்டினார். ஒருவர் ஒரு நாள் குளித்ததால் எதுவும் நிரூபணம் ஆகாது, அங்கே குழந்தைகள் தினமும் விளையாடி அந்த மணலோடு வீட்டுக்கு வருவதுதான் கணக்கு. இந்த மாதிரி ஊரில் பாட்டிலைவிட, ஜன்னல் விளிம்பில் ஒரு வாரம் சேரும் தூசியைத் துடைத்து லேபுக்குக் கொடுப்பது அதிகம் சொல்லும்.

சுத்திகரிப்பு நடக்கிறது என்று சொன்னால்

பிரிட்டானியா ஆலை செய்வது சுண்ணாம்பு போடுவதுதான், அமிலம் முறிந்து உலோகம் சேறாகக் கீழே இறங்கும், சுத்தமான தண்ணீர் ஆழத்தில் கடலுக்குள் போகும். பலன் தெரிந்தது: 2011-இல் அந்த ஓடைக்கே சால்மன் திரும்ப வந்தது. ஆனால் மலைக்குள் பைரைட் தீரும் வரை சுண்ணாம்பும் தீரக் கூடாது. அதனால் உங்கள் ஊரில் ஆலை இருந்தால் கேட்க வேண்டியது: எத்தனை வருஷத்துக்குப் பணம் தனியாக ஒதுக்கப்பட்டிருக்கிறது, பெருமழையில் ஆலை தாங்காத தண்ணீரை எங்கே விடுகிறார்கள், கரண்ட் போனால் என்ன, சேற்றை எங்கே கொட்டுகிறார்கள். நிறுவனம் கைமாறியோ திவாலாகியோ போயிருந்தால் முதல் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் "அரசாங்கம்" என்று வரும், அது பதில் இல்லை, எந்தத் துறை, எந்தத் தலைப்பில் என்று கேளுங்கள்.

கடைசியாக, எல்லோரும் என்னிடம் கேட்பது: மீன் சாப்பிடலாமா? செம்பும் துத்தநாகமும் மீனின் சதையில் பெரிதாகச் சேர்வதில்லை, ஈரலிலும் குடலிலும்தான் அதிகம், அதனால் குடல் நீக்கிய மீனைவிட மட்டி, சிப்பிதான் கவனிக்க வேண்டியது. கார்ன்வாலின் அந்தப் பழைய சுரங்கக் கழிமுகத்தில் சிப்பிகள் செம்பை உறிஞ்சிப் பச்சையாகவே மாறியிருந்தன. காட்மியம் என்றால் நண்டின் ஓட்டுக்குள் இருக்கும் பழுப்புப் பகுதி. பாதரசம் இருக்கும் இடமென்றால் இந்தக் கணக்கே மாறும், அங்கே பெரிய மீனின் சதையும் சந்தேகம்தான். வேகவைத்தால் உலோகம் போகாது, எவ்வளவு புளி ஊற்றினாலும். லேப் முடிவு வரும்வரை ஓடை வாய்க்குப் பக்கத்துப் பாறையில் பறித்த மட்டியை மட்டும் விட்டுவிட்டு, பழுப்புப் பாசி திரும்ப வந்த இடத்துக்கும் தாண்டி நன்றாகத் தள்ளிப் போய்ப் பறித்துக்கொள்ளுங்கள்.